நீட்டிப்புக்கான காரணம்

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்தின் பதினோராவது கட்டத்தில் பிறந்தது. ஒளித்து வைப்பானேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சுற்றுலா விசாவை நீட்டிக்கக் கோருவதன் காரணம்" என்று மேலே அச்சிட்டு, கீழே நான்கு கோடுகள் போட்டிருந்தார்கள். என் அக்காவுக்காக அந்த நான்கு கோடுகளை நிரப்ப உட்கார்ந்தேன். இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டவள், ஒரு மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். நான்கு கோட்டில் அடங்காததை எங்காவது கொட்டியாக வேண்டும் என்றுதான் இந்த நோட்டை எடுத்தேன்.

அதனால் இது பாதி கதை, பாதி மனு. எந்தப் பாதி எது என்று கேட்டால் எனக்கும் தெரியாது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அந்தப் பெண் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது வானம் மேகமூட்டமாக —"

வானம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தொடக்கம்:

"மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டும் வேலை பார்த்த ஒரு தங்கை இருந்தாள். அவளுக்கு —"

இது கோழைத்தனம். அந்தத் தங்கை நான்தான். 'அவள்' என்று எழுதினால் அவள்மேல் எனக்கு இரக்கம் வந்துவிடுகிறது. இப்போதைக்கு அவளுக்கு அது கிடைக்கக் கூடாது.

ஆகவே நேராகவே சொல்கிறேன். அக்காவும் நானும் பதினோரு வருடம் பேசவில்லை. அம்மா பக்கவாதம் வந்து மூன்றே நாளில் போய்விட்டாள். நான் போகவில்லை. இந்த நாட்டில் தங்குவதற்கான என் விண்ணப்பம் அப்போது பரிசீலனையில் இருந்தது. அந்த நேரத்தில் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பம் தானாக ரத்தாகிவிடும், திரும்ப உள்ளே வர முடியாது. போனில் அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"அம்மா இங்க கிடக்குறாங்க, நீ ரூல்ஸ் பேசுறியா?" என்று கேட்டாள். போனை வைத்துவிட்டாள்.

அதன் பிறகு நான்கு மாதம் முன்புதான் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "ரிட்டயர் ஆயிட்டேன். வர்றேன். டிக்கெட் போட்டாச்சு." கீழே தேதி. அவ்வளவுதான். தொண்ணூறு நாள் சுற்றுலா விசா.

3

அக்கா என்ற இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இப்படி ஒருத்தி இருப்பாளா என்று நீங்கள் கேட்பீர்கள். ஓர் அரசு அலுவலகத்தில் மனு வாங்கும் கவுன்ட்டரில் முப்பத்தொரு வருடம். ஜனங்கள் வைத்த பெயர் 'நாளைக்கு வாங்க மேடம்'. அதில் அவளுக்கு வருத்தம் கிடையாது. "நாளைக்கு வாங்கன்னு நான் சொன்னா, நாளைக்கு வேலை முடிஞ்சிருக்கும். மத்தவன் எல்லாம் பாக்கலாம்னு சொல்லுவான்" என்பாள்.

என்னுடைய இரண்டு அறை வீட்டில் அவள் முதல் எழுபத்தேழு நாள் விருந்தாளியாக இருந்தாள். வெந்நீர் வருதா, வருது. குளிருதா, இல்லை. எங்காவது கூட்டிப்போகட்டுமா என்று கேட்டால், "உனக்கு எதுக்கு சிரமம்." ஒருநாள் மட்டும் என்னோடு கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, நான் கண்ணாடியின் விளிம்பைத் தேய்ப்பதை மூன்று மணி நேரம் பார்த்தாள். கிளம்பும்போது, "நல்லா பண்றே" என்றாள். கடைக்காரருக்கும் ஒரு வணக்கம் வைத்தாள். தணிக்கைக்கு வந்தவள்போல.

எழுபத்தெட்டாம் நாள் காலை, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் பின்னாலிருந்து.

"சொல்லு."

"அம்மா கடைசில உன் பேரைச் சொல்லிட்டே போனாங்கன்னு எல்லாரும் உனக்குச் சொல்லியிருப்பாங்க."

"சித்தி சொன்னாங்க. மாமாவும் சொன்னார்."

"பொய். அம்மா யார் பேரையும் சொல்லல. வாய் கோணிப்போச்சு. தண்ணி கேட்டதுகூட கையைக் காட்டித்தான்."

குழாயை மூடினேன். என் பெயரைச் சொல்லும் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. ஆனால் பதினோரு வருடமாக அது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது, கடையில், பேருந்தில், மாத்திரை போட்டுத் தூங்கும்போதுகூட. அக்கா ஒரே வாக்கியத்தில் அதை நிறுத்திவிட்டாள்.

(இந்த இடத்தில் "கண்ணீர் பெருகி வழிந்தது" என்று எழுதியிருந்தேன். வழியவில்லை. ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டேன்.)

"நீ வந்திருக்கலாம்டீ" என்றாள்.

"வர முடியலக்கா. அப்பவே சொன்னேனே."

"முடியலையா, மனசில்லையா?"

பிறகு சண்டை. என் கல்யாணம் முறிந்தது, அவள் கல்யாணமே பண்ணிக்கொள்ளாதது, அம்மாவின் தையல் மெஷினைச் சித்தி தூக்கிக்கொண்டு போனது எல்லாம் வெளியே வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். "அவனுக்கு என்னவாம்? இது எங்க வீட்டு விஷயம்" என்று அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னாள். 'எங்க வீடு' என்று அவள் சொன்னதை நான் கவனித்தேன். அவள் கவனித்தாளா தெரியாது.

இரண்டு நாள் கழித்துக் கேட்டாள்: "இங்க நாள் கூட்டிக் கேக்குறதுக்கு மனு ஏதாவது உண்டா?"

*அடிக்குறிப்பு: எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் 'இரு' என்று சொல்வதில்லை. 'இருக்கட்டுமா' என்றும் கேட்பதில்லை. மனு உண்டா என்று கேட்டதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

4

பதினோராவது கட்டத்துக்கு என் வரைவுகள்:

"இந்நாட்டின் எழில்மிகு நிலக்காட்சிகளை இன்னும் கண்டு களிக்க விழைவதால் —"

(ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் போட்டால் இன்னும் மோசமாக இருக்கிறது.)

"என்னடி இது, கல்யாணப் பத்திரிகையா?" என்றாள் அக்கா.

"சுற்றுலா விசாக்கா. சுத்திப் பாக்கணும்னுதான் எழுதணும்."

"நான் எதைச் சுத்திப் பாத்தேன்? உன் வாஷிங் மெஷின் சுத்துறதைத்தான் பாத்தேன்."

"உடல்நலம் கருதி —"

"எனக்கென்ன கேடு? அப்புறம் சர்ட்டிபிகேட் கேப்பான்."

"நீண்ட காலப் பிரிவுக்குப் பின் சந்தித்த சகோதரிகள் —"

இதை அவள் இரண்டு முறை படித்தாள். "இது உண்மைதான். ஆனா கவுன்ட்டர்ல உக்காந்திருக்கிறவளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றாள். கடைசியில் எழில்மிகு நிலக்காட்சிகளே ஜெயித்தன. தன் குண்டு குண்டு எழுத்தில் அவளே படிவத்தில் எழுதிக்கொண்டாள்.

5

விசா முடிய நான்கு நாள் இருந்தது. விசா அலுவலகத்தில் நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகள், டோக்கன் எண்ணைக் காட்டும் பலகை, கயிற்றில் கட்டிய பேனா. "எல்லா ஊர்லயும் பேனா திருடன் இருக்கான் போல" என்றாள் அக்கா. அவளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. வந்ததிலிருந்து முதல்முறையாகத் தோளைத் தளர்த்தி உட்கார்ந்தாள்.

எங்கள் எண் வர இன்னும் இரண்டே பேர். நான் புகைப்படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவள் பேனாவை எடுத்து, என் நிலக்காட்சிகள் மேல் நேராக ஒற்றைக் கோடு இழுத்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு, கீழே "தங்கை வீட்டில் இருக்க" என்று எழுதிவிட்டாள். அலுவலக வழக்கம் அது. தவறை அழிக்கக் கூடாது, கீழே இருப்பது தெரிகிற மாதிரி அடித்து, பக்கத்தில் ஒப்பமிட வேண்டும். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என்னை இவ்வளவு சுத்தமாக வெட்டியதில்லை.

கவுன்ட்டரில் இருந்த பெண் படிவத்தைப் பார்த்த உடனே திருப்பித் தள்ளினாள். அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது. புதுப் படிவம், புது டோக்கன். இன்று முடியாவிட்டால் அடுத்து நேரம் கிடைப்பது பத்து நாள் கழித்து.

பத்து நாள் கழித்து அக்காவுக்கு விசா இருக்காது.

"ஒப்பம் போட்டிருக்கேனே" என்றாள் அக்கா, நம்ப முடியாமல். "முப்பத்தொரு வருஷம் நான் திருப்பி அனுப்பியிருக்கேன். என் மனு திரும்பி வர்றது இதான் முதல் தடவை."

"ஏன்க்கா அடிச்சே? யாரைக் கேட்டு அடிச்சே?"

"பொய்ல கையெழுத்துப் போட வரலடீ எனக்கு."

கவுன்ட்டர் மூட ஒன்றரை மணி நேரம். எங்களுக்கு முன்னால் முப்பத்திரண்டு பேர்.

6

புதுப் படிவத்தின் பதினோராவது கட்டத்தை அவள் இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள், பரீட்சையில் பிள்ளைகள் மறைப்பதுபோல. என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. கதை எழுதுகிறவள் என்ற உரிமையில் ஏதாவது கற்பனை செய்து இங்கே வைக்கலாம். மாட்டேன்.

பலகையைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. மூட ஏழு நிமிடம் இருக்கும்போது எங்கள் எண் வந்தது. அதே பெண். படிவத்தைப் படித்தாள், தலையைத் தூக்கி அக்காவை ஒரு கணம் பார்த்தாள், முத்திரை குத்தினாள். பிறகு மெதுவான ஆங்கிலத்தில் விளக்கினாள்: பதில் வர நாற்பது நாள் வரை ஆகலாம். அதுவரை தங்கலாம். ஆனால் நடுவில் நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பம் ரத்து. திரும்ப உள்ளே வர முடியாது.

நான் பையை மூடிக்கொண்டிருந்தேன். அக்கா நகரவில்லை. கவுன்ட்டர் கண்ணாடியில் இருந்த ஓட்டைக்கு அருகே குனிந்தாள். அவளுடைய ஆபீஸ் ஆங்கிலத்துக்கு இலக்கணமும் கிடையாது, தயக்கமும் கிடையாது. என்னை விட்டுவிட்டு அவளே கேட்டாள்.

"ஊர்ல ஒரு சாவுன்னா?"

"வருந்துகிறேன். அதற்கும் இதே விதிதான்."

"அம்மா செத்துப்போனாலும்?"

"அம்மா என்றாலும்."

"இந்த விசாவுக்கு மட்டுமா? இங்கயே தங்கறதுக்குப் போடுற விண்ணப்பத்துக்கும் இதானா?"

"ஆமாம். என்னால் எதுவும் செய்ய முடியாது, மேடம்."

அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்தேன். இதையே பலரிடம் சொல்லிச் சொல்லிக் களைத்த முகம். அக்காவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வருடம் அவளே அணிந்திருந்த முகம் அது. பொய் சொல்லும்போது அது எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியும்.

வெளியே பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"பதினோரு வருஷமா நீ கதை விடுறேன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றாள்.

"நான் சொன்னேனேக்கா."

"நீ சொன்னே. நீ அஞ்சு வயசுலேருந்து கதைதானேடீ சொல்லிட்டிருக்கே."

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பேருந்து வந்தது. நாங்கள் ஏறவில்லை. அடுத்ததும் வந்தது.

7

கதையை அங்கேயே விட்டிருக்கலாம். பெஞ்ச், இரண்டு பெண்கள், கை, பேருந்து. பார்க்க நன்றாக இருக்கிறது. அதனால்தான் எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை.

வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) அனுமதி வருகிறது, அறுபது நாள். அக்கா நிஜமாகவே சுற்றிப் பார்க்கிறாள். ஏரிக்கரையில் நின்று ஒரு புகைப்படம் —

(ஆ) மறுப்பு வருகிறது. பதினைந்து நாளில் கிளம்ப வேண்டும். ஆனாலும் இனிமேல் ஞாயிறுதோறும் போனில் —

இன்று தொண்ணூற்றேழாம் நாள். பதில் வரவில்லை. அக்கா இப்போது இங்கே இருப்பது அந்தப் பதில் வராத காரணத்தால் மட்டும்தான். காலையில் அவளிடம் இந்த நோட்டைக் கொடுத்தேன், முதல் பக்கத்திலிருந்து இந்த (ஆ) வரை. நான் எழுதியது எதையும் அவள் இதுவரை படித்ததில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை வரியின் கீழே வைத்து, முழுக்கப் படித்தாள்.

"ரெண்டு முடிவுலயும் எனக்குத்தானே எல்லாம் நடக்குது" என்றாள். "நீ சும்மா உக்காந்திருக்கே."

"கதைக்கா அது."

"சரி, கதையிலயே ஒண்ணு கேக்குறேன். உனக்கு இங்கயே இருக்கலாம்னு பேப்பர் வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

அவள் காத்திருந்தாள். கவுன்ட்டரில் பழகியவள், அவளால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்க முடியும்.

"ஒன்பது."

"அம்மாவுக்கு ரெண்டாவது வருஷத் திதிக்கு முன்னாடியே வந்தாச்சு. அப்புறம் எந்த ரூல்ஸ்டீ?"

இதைத்தான் நான் ஆறு பகுதிகளாக உங்களிடம் சொல்லாமல் வந்தேன். விதி உண்மை. ஆனால் அன்றைக்கு அந்த விதி எனக்கு ஒரு போர்வையாகவும் இருந்தது. அம்மாவின் கோணிய வாயைப் பார்க்க எனக்குப் பயம். விதி போன பிறகும் போர்வையை நான் எடுக்கவில்லை. 'மனசில்லையா' என்று அக்கா கேட்டதில் பாதி சரி. கதவு இரண்டு பக்கமும் திறந்திருந்த ஒன்பது வருடமும் நான் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். இதைவிடக் குழறிச் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

"எனக்கும் பயம்தான். பக்கத்துல இருந்ததால வேற வழியில்ல, பாத்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள். பிறகு, "பதில் எப்படி வேணா வரட்டும். நாளைக்கே வரட்டும், ரெண்டு மாசம் கழிச்சு வரட்டும். நான் கிளம்புறப்ப நீயும் வர்றியா? வீட்டுல அம்மாவோட அலமாரி அப்படியே பூட்டிக் கிடக்கு. தனியா திறக்க மாட்டேன்னு வச்சிருக்கேன்."

எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் இப்படிக் கேட்டதில்லை என்று சொன்னேன் அல்லவா? இனி அந்த அடிக்குறிப்பு செல்லாது.

"உடனே சொல்ல வேண்டாம். யோசி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

8

யோசித்துவிட்டேன். அதற்கு ஒரு குளியல் நேரம்கூடத் தேவைப்படவில்லை.

என் பதிலை இங்கே எழுதினால் அவளுக்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொண்டுவிடுவீர்கள். இத்தனை வருடமும் எனக்கு நடந்ததையெல்லாம் முதலில் காகிதத்திடம்தான் சொன்னேன். மனிதர்களிடம் பிறகு, சில சமயம் சொல்லாமலே. இந்த ஒன்றை மட்டும் அப்படிச் செய்ய மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். விசா கிடைத்ததா என்பதை வேண்டுமானால் நீங்களே உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. உள்ளிருந்து துண்டு எங்கே என்று கேட்கிறாள். நான் எழுந்து