பட்டியலில் இல்லாத பதில்

கணக்கு வாத்தியாருக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடம். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் எது என்று கேட்டால், அவர் மனைவி தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவாள்: பரவாயில்லை. சாப்பாடு எப்படி? பரவாயில்லை. புதுச் சட்டை பிடித்திருக்கிறதா? பரவாயில்லை. பேருந்தில் ஒருவன் அவர் காலை நசுக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டபோதும் அதேதான். நன்றாயிருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளலாம், போனால் போகட்டும் என்றும் வைத்துக்கொள்ளலாம், ஆளை விடு என்றும் வைத்துக்கொள்ளலாம். எது என்று கண்டுபிடிப்பது கேட்டவர் பாடு.

இந்த வாரம் அந்தப் பாடு மகள் தலையில் விழுந்திருந்தது. மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் அவள். ரயிலில் இரண்டு பகல் தள்ளி, வேறொரு மாநிலத்தில், இதைவிடப் பெரிய ஆய்வகத்தில் இடம் கிடைத்திருந்தது. வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ திங்கட்கிழமை மாலைக்குள் பதில் அனுப்ப வேண்டும். போகட்டுமா என்று அப்பாவைக் கேட்டாள். அவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டே பரவாயில்லை என்றார். போ என்றாரா, இப்போது எதற்கு அந்தப் பேச்சு என்றாரா?

மூன்று நாளாக மகள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா மனசார அனுப்பினால்தான் போவேன், இல்லாவிட்டால் அந்த வேலையே வேண்டாம் என்று அம்மாவிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள். அவரையே இன்னொரு தரம் கேளேண்டி என்றால், மறுபடியும் அதையே சொன்னால் நான் என்னம்மா செய்வேன் என்கிறாள். அவளும் அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவள்தான்.

அம்மாவுக்கு அப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருந்தது. மாநில அரசைப் பற்றி, பள்ளிக்கூடங்களைப் பற்றி, இனி வரப்போகும் காலத்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுக் குறித்து வரும் வேலை. ஐம்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஐந்து பதில்கள், அதில் ஒன்றுக்கு டிக் போட வேண்டும். பயிற்சி வகுப்பில் மேற்பார்வையாளர் ஒரு விஷயத்தை மட்டும் ஆணி அடித்தாற்போலச் சொன்னார். பதிலை நீங்களாக ஊகிக்காதீர்கள். ஐந்தில் ஒன்று வராவிட்டால் கேள்வியை ஒரு சொல் மாறாமல் மறுபடி படியுங்கள், படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். தெருவில் இறங்குமுன் வீட்டில் ஒருவரை உட்காரவைத்து முழுப் பேட்டியும் எடுத்துப் பழக வேண்டும் என்பதும் அவர் உத்தரவு. மற்ற பெண்கள் பக்கத்து வீட்டுக்காரியை யோசித்துக்கொண்டிருந்தபோது, இவள் நாற்பத்தொன்றாம் கேள்வியைப் படித்துவிட்டு, தன் ஆள் யார் என்று முடிவு செய்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாத்தியார் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒத்திகைதானே என்று அவள் சிரித்தாள். ஊரைப் பற்றிப் பேசும்போது பனியனோடு உட்காரலாமா என்றார். மகள் தலைவலி என்று உள்ளறையில் படுத்திருந்தாள்.

முதல் கேள்வி மாநில அரசின் செயல்பாடு பற்றியது. கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"பரவாயில்லை."

"அது பட்டியல்ல இல்லைங்க."

"நல்ல பதிலாச்சே. அதை ஏன் விட்டாங்க?"

அவள் வாதாடவில்லை. கேள்வியை மறுபடி படித்தாள், காத்திருந்தாள். அவர் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவளே ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். இன்று போகவில்லை என்றதும், ஓரளவு திருப்தி என்று முணுமுணுத்தார்.

பள்ளிக்கூடங்கள் பற்றிய கேள்விக்கும் முதலில் அதே சொல்தான். இரண்டாம் முறை படித்ததும் மனிதர் பிடித்துக்கொண்டார். ஒரே அறையில் ஐம்பத்து நான்கு பிள்ளைகளாம். மழை பெய்தால் கரும்பலகையில் எழுதியது எழுதியபடியே வழிந்து போகுமாம். மூன்று தடவை மனு எழுதிப் போட்டுவிட்டாராம். கொஞ்சமும் திருப்தி இல்லை என்று போடச் சொன்னார். அவள் பேனாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டிருக்கிறாள், தினமும் பரவாயில்லை என்றிருக்கிறார். இருபத்தாறு வருடமாக அவருக்குப் பதிலாகத் தானே திருப்தி என்று டிக் போட்டுக்கொண்டு வந்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. பாவமாக இருந்தது, அந்த நிமிஷமே எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

நாற்பத்தொன்று வந்தது. அவர் எதிர்க்கிறேன் என்று சொல்லிவிட்டால் அதையும் குறித்தாக வேண்டும், மகளிடமும் மறைக்க முடியாது.

"வேலைக்காக உங்கள் குடும்பத்தில் ஒருவர் இந்த மாநிலத்தை விட்டு வெளியே போக விரும்பினால், அதை நீங்கள் எந்த அளவுக்கு ஆதரிப்பீர்கள்?"

"பரவாயில்லை."

படித்தாள். அதுதான் சொன்னேனே என்றார். மூன்றாவது முறையும் படித்தாள், ஒரு சொல் மாறாமல். அவர் சட்டைக் கைப் பொத்தானைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"முழுசா ஆதரிக்கிறேன்னு போடு" என்றார் கடைசியில். "அவ போகணும். இங்க இருக்கிறதவிட அங்க நிறைய கத்துக்குவா."

டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவதுதான் விதி. விதியாவது ஒன்றாவது.

"அப்புறம் ஏங்க அன்னைக்கு அவகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"அவளைப் பத்தியா சொன்னேன்? போகட்டுமாப்பான்னா, நான் போயிட்டா நீங்க எப்படி இருப்பீங்கன்னு கேக்கிற மாதிரி இருந்துச்சு. எனக்குப் பரவாயில்லைன்னேன்." பொத்தானை மறுபடி மாட்டிக்கொண்டே சொன்னார். "பொய்தான். இருந்தாலும் அப்பன் அப்படித்தானே சொல்லணும்."

உள்ளறைக் கதவு திறந்தது. தலைவலிக்காரி வந்து அவர் நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுதுகொண்டுதான் இருந்தாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். இன்றைக்கே பதிலை அனுப்பிவிடு, நாளைக்கு என்று வைத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு, மனைவியைப் பார்த்து அடுத்த கேள்வி என்ன என்றார்.

அவளுக்கு எழுத்து தெரியவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு உங்கள் வாழ்க்கை இப்போது இருப்பதைவிட எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

வாத்தியார் யோசித்தார். "இவ லீவுக்கு வருவாளா மாட்டாளான்னு தெரியாம அதை எப்படிச் சொல்றது?"

"எல்லா லீவுக்கும் வருவேன்ப்பா" என்றாள் மகள், முகத்தை எடுக்காமலே.

"அப்போ நல்லா இருக்கும்னு போடு" என்றார்.