மேல்மடையிலிருந்து காலை வணக்கம்

தினமும் காலை ஆறு ஐம்பதுக்கு ஒரு பெண் ஐம்பத்திரண்டு வயது ஆணுக்குப் பூ அனுப்புகிறாள் என்றால் என்ன அர்த்தம்? ஒரு நாள் வந்தால் கை தவறி வந்தது என்று விடலாம். எட்டு மாதமாக, ஞாயிற்றுக்கிழமை உட்பட, தவறாமல் வந்தால்?

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்கு ஊரில் 'ரேடியோ' என்று பெயர். யாருக்கு எந்தப் பல் ஆடுகிறது என்பதில் தொடங்கி, யார் வீட்டில் எந்த உறவு ஆடுகிறது என்பது வரை அவளுக்குத் தெரியும். பதினொரு மணிக்கு அவள் காதில் விழுந்த சேதி பன்னிரண்டுக்குள் ஆற்றோரத் தெருவின் கடைசி வீட்டுக்குப் போய்விடும். அப்பேர்ப்பட்டவளின் சாப்பாட்டு மேசையிலேயே, ரொட்டித் தட்டுக்குப் பக்கத்திலேயே, எட்டு மாதமாகப் பூ மலர்ந்திருக்கிறது. கணவன் இப்படிச் செய்தானே என்பதைவிட, தனக்கு இவ்வளவு தாமதமாகத் தெரிந்ததே என்பதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

கணவருக்குத் தடுப்பணைக் கட்டுப்பாட்டு அறையில் வேலை. ஆற்று நீர்மட்டத்தை அளந்து அளந்து, பேச்சையும் அளந்தே பேசுகிற மனிதர். "குழம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால், "உப்பு எச்சரிக்கை அளவுக்குக் கீழதான் இருக்கு" என்பார். அதற்குமேல் அவர் வாயைக் கிளறிப் பிரயோசனமில்லை.

அவர் குளிக்கப் போன நேரத்தில் அவருடைய கைபேசியை அவள் எடுத்துப் பார்த்தாள். அனுப்பியவரின் பெயர் 'மேல்மடை' என்று பதிவாகியிருந்தது. செல்லப் பெயர்! கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் தனக்கு ஒரு செல்லப் பெயர் வைக்கத் தோன்றாத மனிதர். புகைப்படத்தில் குட்டை முடி, மூக்குக்கண்ணாடி, நீளமான ஒரு சுவரின் மேல் நின்று சிரிப்பு. எண்ணின் முன்னொட்டைப் பார்த்ததும் அவளுக்கு வியர்த்துவிட்டது. ஆற்றின் மேற்புறம் இருக்கிற அடுத்த நாட்டு எண். இரண்டு நாட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்து எட்டு மாதமாகிறது. மனுஷனுக்கு எல்லை தாண்டித்தான் ஆள் கிடைத்தாளா?

ஒரு நாள் மூன்று ரோஜா. மறுநாள் ஒன்று. சில நாள் ஐந்து சூரியகாந்தி. ஒரு வியாழக்கிழமை வெறும் இலை. இன்னொரு நாள் ரோஜாவோடு ஒரு மொட்டு. எல்லாவற்றிலும் 'காலை வணக்கம்' என்று கொட்டை எழுத்து. இவரிடமிருந்து பதிலுக்குத் தினமும் ஒரு கட்டைவிரல்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா ஆற்றோரத் தெருவில் தரைத்தளத்தில் இருப்பவள். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து கட்டிலோடு கிடக்கிறாள். கால் நகராததையெல்லாம் சேர்த்து வாய்தான் நடந்துகொண்டிருந்தது.

"இலை வந்துச்சுன்னா சண்டை போட்டிருப்பாங்கடி" என்றாள் அக்கா, நேரில் பார்த்தவள் மாதிரி. "அஞ்சு வந்தா சமாதானம்."

"கட்டைவிரல்தானே அனுப்புறார், அக்கா?"

"உனக்கு அதுகூட அனுப்பினதில்லையே. பிளாக் பண்ணு. கேக்காத, அழாத. பேசாம பிளாக் பண்ணிட்டுப் போனை அங்கேயே வை. அப்புறம் மூஞ்சியப் பாரு, எல்லாம் தெரிஞ்சிரும்."

திங்கட்கிழமை காலை, குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவில் அவள் அதைச் செய்து முடித்தாள்.

செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. ஆறு ஐம்பதுக்கு அவர் கைபேசியைப் பார்த்தார். ஏழுக்குப் பார்த்தார். ஏழேகாலுக்கு அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். ரொட்டி அப்படியே கிடந்தது. மாலையில் வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னது பலித்துவிட்டது என்று அவளுக்கு ஒரு பக்கம் வெற்றி; மறுபக்கம் அந்தத் தொடாத ரொட்டி உறுத்தியது. தன் தாயார் இறந்தபோதுகூட இந்த மனிதர் இரண்டு ரொட்டி சாப்பிட்டவர்.

புதன்கிழமையும் பூ இல்லை. மழை நின்றபாடில்லை. ஏழு மணிக்கு அவளால் அடக்க முடியவில்லை.

"என்னங்க, பூ வரலையா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மாட்டிக்கொண்ட புருஷன் முகம் அவளுக்குத் தெரியும். மருத்துவமனையில் எத்தனையோ பார்த்திருக்கிறாள். இது அந்த முகம் இல்லை. பயந்துபோன முகம்.

"அவங்களப் பிடிச்சிட்டாங்க போலிருக்கு. என்னாலதான்" என்றார்.

"யாரு பிடிச்சாங்க?"

பிறகு அந்த மனிதர் இருபத்தாறு வருடத்தில் பேசாததைப் பத்து நிமிடத்தில் பேசினார்.

ஆற்றின் நடுவில் நாலு ஆடு நிற்க முடியாத மணல்திட்டு ஒன்று இருக்கிறது. அடுத்த நாட்டின் வானிலைச் செயலியில் அது அவர்களுடையதாக நிறம் பூசப்பட்டிருந்தது. ஒரு காலத்தில் இதற்கு ஒரு தூதர் கோட்டு மாட்டிக்கொண்டு போய்க் கடிதம் கொடுத்து, தேநீர் குடித்துவிட்டு வந்திருப்பார். இப்போதுதான் எல்லாம் கைபேசியிலாயிற்றே. இந்த நாட்டு அமைச்சர் சமூக வலைத்தளத்தில் ஒரு வரி போட்டார். அந்த நாட்டு அமைச்சர் அதற்குக் கேலிப்படம் போட்டார். யாருக்கு அதிக லைக் என்று இரண்டு நாடும் எண்ணிப் பார்த்தன. தூதர்கள் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஆற்றின் மேற்புறம் இருக்கிற அவர்களுடைய மேலணையில் எத்தனை மதகு திறக்கிறார்கள் என்று தினமும் வந்துகொண்டிருந்த மின்னஞ்சலும் நின்றது. 'எந்த எண்ணையும் பகிரக் கூடாது' என்று இரண்டு பக்கமும் உத்தரவு.

மேலணையில் மதகு திறந்தால் தண்ணீர் இங்கே வந்து சேர ஒன்பது மணி நேரம். எத்தனை என்று தெரியாவிட்டால் இங்கே எதையும் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. முதலில் முழுகுவது ஆற்றோரத் தெரு.

"கடைசி வீடியோ மீட்டிங்ல எல்லாரும் போனப்புறம், மேலணையில மதகு பாக்குற அவங்க ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. 'காலை வணக்கம் சொல்றதுக்காவது தடை இல்லையே, சார்?' அவ்வளவுதான். மறுநாள் நாலு பூ வந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலம் நாலு மதகுத் தண்ணி. எனக்குப் புரியவே மூணு நாளாச்சு."

"அப்ப இலை?"

"எல்லாம் மூடியிருக்கு."

"மொட்டு?"

"அரை மதகு."



"எண்ணைத்தான் பகிரக் கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. பூவைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றார் அவர், ஏதோ தானே கண்டுபிடித்த சட்டநுணுக்கம் போல. "ரெண்டு பேரும் இதப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. பேசினா அது தகவல். வெளிய தெரிஞ்சா அவங்களுக்கு வேலை போறதோட நிக்காது. ஜெயில்தான்."

"அவங்கள யாரும் பிடிக்கல" என்றாள் அவள். "நான்தான் பிளாக் பண்ணேன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஜன்னல் வழியே மழையைப் பார்த்துவிட்டு, "எப்போ?" என்றார்.

"திங்கக்கிழமை."

தடையை எடுத்தார்கள். இரண்டு நாள் பூவும் வரவில்லை. அடைத்த கதவுக்கு வெளியே வைத்தது அப்படியே காணாமல் போய்விடுமாம்; அந்தச் செயலியின் குணம் அது.

"இப்பவே கேளுங்க."

"கேக்க முடியாது. கேட்டா அது கேள்வி. பதில் வந்தா அது தகவல். அப்புறம் பூ பூவா இருக்காது."

அவளுக்கு அக்காவின் கால் நினைவுக்கு வந்தது. தரைத்தளம், கட்டில், கம்பி போட்ட முழங்கால். வாயே பிழைப்பாக வாழ்ந்தவளுக்கு, வாயைத் திறக்காமல் ஒன்றைக் கேட்க வேண்டிய நிலை. வீட்டுக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரி மேல் நீலக் கண்ணாடி ஜாடி ஒன்று இருந்தது. மருத்துவமனையில் இருபது வருடம் வேலை பார்த்ததற்குக் கொடுத்தது. அதில் இதுவரை ஒரு பூகூட வைத்ததில்லை. எடுத்து மேசை நடுவில் வைத்தாள். கணவரின் கைபேசியால் படம் பிடித்தாள். மேலே 'காலை வணக்கம்' என்று எழுதினாள்.

"இது கேள்வியா?" என்று கணவரிடம் காட்டினாள்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "இல்ல. இது ஜாடி."

அனுப்பினாள்.

பதினொரு நிமிடம். அந்தப் பதினொரு நிமிடத்தில் அவள் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே அவள் வாழ்க்கையில் ஒரு சாதனை. பிறகு வந்தது ஒரு பூங்கொத்து. இருவரும் தலையை முட்டிக்கொண்டு எண்ணினார்கள். பதின்மூன்று. இலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த இன்னொன்றையும் அவள்தான் கண்டாள். பதினாலு. மேலணையில் மொத்தமே பதினாறு மதகு. இதுவரை வந்ததில் அதிகம் ஐந்து.

அவர் அலுவலகத்துக்கு ஓடினார். 'அனுபவத்தின் அடிப்படையிலான மதிப்பீடு' என்று மேலிடத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பி மதகுகளைத் திறக்க அனுமதி கேட்டார். தெருவைக் காலிசெய்யும் உத்தரவு வரட்டும் என்று காத்திருந்தால், தண்ணீர்தான் முதலில் வரும். அதற்குத்தான் ரேடியோ இருக்கிறதே.

அன்றைக்கு அவள் ஒலிபரப்பியது போல் என்றும் ஒலிபரப்பியதில்லை. பல் பிடுங்க வந்தவர்கள் பிடுங்காமலே திரும்பினார்கள். "அஞ்சு மணிக்குள்ள மேல ஏறிடுங்க, தண்ணி வருது" என்றாள். யார் சொன்னது என்று கேட்டவர்களிடம், "நான் சொல்றேன், அது போதாதா?" என்றாள். போதும்தான், அவள் சொல்லிப் பொய்த்ததில்லை, கொஞ்சம் நீண்டதுண்டு. அக்காவை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிவந்து அவள் வீட்டு இரண்டாம் மாடியில் இறக்கினார்கள். வழி முழுக்க அக்கா, "மெதுவாடா, இது கால்டா, கட்டில் கால் இல்ல" என்று திட்டிக்கொண்டே வந்தாள்.

ஐந்து இருபதுக்குத் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. அக்கா வீட்டில் கட்டிலுக்கு மேல் ஒரு முழம் நின்றது. கட்டிலில் ஆள் இல்லை.

நாலாம் நாள் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி அவர்கள் வீட்டுக்கு வந்தார். மெலிந்த உடம்பு, நனைந்த காலணி. எந்தத் தகவலும் வராத நிலையில் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று மேலிடம் கேட்கிறதாம். கணவர் அளந்து அளந்து விழித்தார். அதிகாரி கைபேசியை வாங்கி, எட்டு மாதப் பூவையும் மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இவங்க யாரு, சார்?"

ஒரே அறை. கட்டிலில் அக்கா, காதைத் தீட்டிக்கொண்டு. சொல்ல வேண்டியதை இப்போது சொன்னால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தி போய்விடுவாள், பூவும் போய்விடும், அடுத்த மழையில் தெரு போகும். சொல்லாவிட்டால், அக்காவின் கைபேசி வழியாக நாளைக்கே ஊர் முழுக்கத் தன்னைப் பார்த்து உச்சுக்கொட்டும். ஊரைப் பற்றிப் பேசியே வாழ்ந்தவளை ஊர் பேசும்.

"அவர எதுக்குக் கேக்கறீங்க? என்னைக் கேளுங்க" என்றாள் அவள். "என் வீட்டுக்காரருக்குப் பூ அனுப்புற பொம்பள அவ. எட்டு மாசமா அனுப்புறா. இதுல அரசாங்கத்துக்கு என்ன வேலை?"

கணவர் வாய் திறந்தது. அவள் ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டது.

"இந்தக் காலி ஜாடி?" என்றார் அதிகாரி. "இது இங்கேயிருந்து போயிருக்கே."

"நான் அனுப்பினேன். கோவத்துல. உன் பூவ இங்க எவனும் வைக்கலைன்னு."

"அதுக்கப்புறமும் அவங்க பூங்கொத்து அனுப்பியிருக்காங்க."

"வெக்கங்கெட்டவ. நான் என்ன பண்றது?"

அக்கா கட்டிலிலிருந்து, "நான் அப்பவே சொன்னேன் சார், பிளாக் பண்ணுன்னு!" என்று சாட்சி சொன்னாள். அக்கா வாய் உதவிக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அதிகாரி பூங்கொத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் விரல் திரையில் ஒவ்வொன்றாக எதையோ தொட்டுக்கொண்டு போனதை அவள் கவனித்தாள். பதின்மூன்றில் நின்றது. பிறகு இலைப் பக்கம் போய் இன்னொன்றைத் தொட்டது. கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குறிப்பேட்டில் 'குடும்ப விவகாரம்' என்று எழுதினார்.

வாசலில் காலணி மாட்டும்போது, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "மேடம், கோவம் நியாயம்தான். ஆனா இனிமே பிளாக் மட்டும் பண்ணிடாதீங்க."

இப்போது பல் மருத்துவமனையில் அவள் நிமிர்ந்தால் பேச்சு நிற்கிறது. தாதி ஒருத்தி தோளைத் தட்டிவிட்டுப் போகிறாள். தடுப்பணை அலுவலகத்திலோ, கணவரை இதுவரை ஏறெடுத்துப் பார்க்காதவர்கள் நாற்காலி இழுத்துப் போடுகிறார்களாம். அந்த அநியாயத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. உண்மை நாக்கு நுனியில் நமநமக்கும். ஒரு வாய் காபியோடு விழுங்கிவிடுவாள்.

வெள்ளிக்கிழமை ஆறு ஐம்பதுக்குக் கைபேசி ஒலித்தது. அக்கா முந்திக்கொண்டு கழுத்தை நீட்டினாள். நீலக் கண்ணாடி ஜாடி ஒன்று. இவர்களுடையது இல்லை, கொஞ்சம் குட்டை, அங்கே எங்கேயோ தேடிப் பிடித்தது. அதில் இரண்டு பூ.

"ரெண்டுதானா?" என்றாள் அக்கா. "போன வாரம் கொத்தா அனுப்பினவ. அதுக்குள்ள குறைஞ்சு போச்சா?"

"குறையட்டும்கா. குறைஞ்சாத்தானே நீ உன் வீட்டுக்குப் போகலாம்."

"என்னடி சொன்ன?"

ரேடியோ ஒரு கணம் திகைத்தது. கணவர் ரொட்டியை வாயில் வைத்தபடியே அவளைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. காபி ஆறுது, குடி" என்றாள் அவள். கைபேசியை எடுத்து, கணவருக்குப் பதிலாகத் தானே ஒரு கட்டைவிரலை அனுப்பினாள்.