மாப்பிள்ளைக்கு நாலாவது கோடு

கேப்டன் ஜெபகுமாருக்கு ஐம்பத்தொன்பது வயது. அவர் விமானம் ஓட்டிய கம்பெனியைக் கோடையில் இழுத்து மூடியதிலிருந்து, அந்த ஒரு தகவலைத் தவிர வேறெதையும் யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஒரு கம்பெனி, ஐம்பத்தேழுக்கு மேல் எடுப்பதில்லை என்றது. இன்னொன்று, "எங்க விமானத்துல பயிற்சி குடுத்து முடிக்கறதுக்குள்ள அறுபத்தஞ்சு வந்துடுமே, அதுக்கு மேல ஓட்ட விதி இல்லையே" என்று ஆறு வருடத்தை ஆறு நாள் போலச் சொன்னது. வெளிநாட்டுக் கம்பெனி பதிலே போடவில்லை. மரியாதையாக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

கடைசி அழைப்பு ஞாயிறு மாலை, கார் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டும்போது வந்தது. மருமகன் சாம் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து வைஷாலி என்ற பெண்.

"சார், உங்க அனுபவத்தைப் பாத்து எங்க டீமே அசந்துபோச்சு. கோ-பைலட்டா எடுத்துக்குறோம்."

"நான் இருவது வருசமா கேப்டன்மா."

"தெரியும் சார். ஆனா எங்க சீனியாரிட்டி வரிசையில நீங்க இன்னிக்குப் பொறந்த கொழந்தை. கடைசி நம்பர்."

"கொழந்தை எப்போ கேப்டன் ஆவும்?"

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "உத்தேசமா எட்டு வருஷம் சார்."

"அப்போ எனக்கு அறுபத்தேழு. அறுபத்தஞ்சுலயே வூட்டுக்கு அனுப்பிடுவீங்களே?"

"ஆமா சார். மத்தபடி உங்க ப்ரொஃபைல் சூப்பர். நாளைக்குள்ள சொல்லிடுங்க."

விமானக் கம்பெனியில் சேர்ந்த தேதிதான் ஜாதகம். யார் கேப்டன், யாருக்குக் கிறிஸ்துமஸ் லீவு, எல்லாவற்றையும் அந்தத் தேதிப்படி வரும் வரிசை நம்பர்தான் சொல்லும். கம்பெனி மாறினால் மறுபடி ஒன்றாம் வகுப்பு. ஜெபகுமார் படாளத்தில் கூலிக்கு நாற்று நட்ட வீட்டுப் பிள்ளை. உதவித்தொகை கிடைத்து, பயிற்சி முடிந்து, காக்பிட்டில் உட்காரவே முப்பத்துமூன்று ஆகிவிட்டது. முதன்முறை சீருடையோடு ஊரில் இறங்கியபோது, எந்தக் கல்யாணத்துக்கு பேண்டு வாசிக்கிறார் என்று விசாரித்தார்கள். வரிசையில் நின்றால் இளையவர், வயதைக் கேட்டால் மூத்தவர். எப்படிப் பார்த்தாலும் தப்பான ஆள்.

மாமல்லபுரத்துக் கடற்கரை ரிசார்ட்டில் விருந்து தடபுடலாக இருந்தது. முப்பத்தொரு வயதில் சாம் கேப்டன் ஆகிவிட்டான். சீருடையின் தோள் பட்டையில் கோ-பைலட்டின் மூன்று தங்கக் கோடு போய் கேப்டனின் நாலு கோடு. அந்தப் பட்டையை அவன் தோளில் மாட்டிவிட வேண்டியவர் மாமனார்.

பாஸ்டர் வந்திருந்ததால் குடிக்க மோரும் எலுமிச்சை ஜூஸும்தான். ஆகவே ஹரிஹரன் உளறியதற்குச் சரக்கைக் குறை சொல்ல வழியில்லை. அவன் சாமின் கூட்டாளி, அதே கம்பெனி, அதே பைலட் சங்கம். ஜெபகுமார் எங்கே ஓட்டினார் என்பது அவனுக்குத் தெரியாது.

"அங்கிள், சாம் மட்டும் இல்லைன்னா எங்களுக்கு இந்த வருஷமும் மூணு கோடுதான். மூடிப்போன கம்பெனி கேப்டனுங்க நாப்பது பேரை நேரா கேப்டனாவே எடுக்க மேனேஜ்மெண்ட் ரெடி. சாம்தான் சங்கத்துல எழுந்து பேசி நிறுத்துனான். 'அஞ்சாறு வருஷத்துல ரிட்டையராவப் போற பெருசுங்களுக்கு எதுக்கு நாலு கோடு'ன்னான் பாருங்க, செம கைதட்டு!"

ஜெபகுமார் மோரை நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு சாமை ஜெனரேட்டர் இரைகிற சவுக்குத் தோப்புப் பக்கம் கூட்டிப்போனார்.

"பெருசுங்கன்னு யாரைச் சொன்ன?"

கல்யாணமாகி மூன்று வருடத்தில் மாப்பிள்ளையை அவர் 'நீ' என்றது அதுவே முதல் தடவை. சாமுக்கு மீதி விளங்கிவிட்டது.

"மாமா, உங்களை மனசுல வெச்சு சொல்லல..."

"நான் வேலையில்லாம வூட்ல குந்திகினு கீறது தெரியாதா ஒனக்கு? அந்த நாப்பதுல நான் இல்லாம வேற யாரு, ஒங்க அப்பாவா?"

"ஏழு வருஷம் வரிசையில நின்னேன் மாமா. நாப்பது பேர் முன்னாடி வந்து உக்காந்தா நான் எப்போ ஏறுறது? விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே."

"விதிய நீ எழுதல. சரி. அதும்மேல ஏறி நின்னு கைதட்டு வாங்குன பாரு, அது எந்த விதி?"

மகள் ரூத் தேடிக்கொண்டு வந்தாள். "அப்பா, பாஸ்டர் ஜெபம் முடிச்சிட்டாரு, எல்லாரும் காத்துகினு..." புருஷன் முகத்தைப் பார்த்தாள், அப்பா முகத்தைப் பார்த்தாள். "வேணாம்பா" என்றாள், எது வேண்டாம் என்றே தெரியாமல்.

கார் சாவி பையில்தான் இருந்தது. போய்விடலாம். போனால் நாளைக்கு வைஷாலியிடமும் வேண்டாம் என்றுதான் சொல்வார். பெருசுகள் வரக் கூடாது என்று சங்கம் கேட்டதும் அதைத்தானே? நேராக மேடைக்கு நடந்தார்.

பட்டையை மாப்பிள்ளையின் தோளில் மாட்டினார். கோணல் இல்லாமல் இழுத்தும் விட்டார். பிறகு வைஷாலியின் நம்பரைத் தட்டி, ஒரு கையில் மைக்கையும் மறு கையில் போனையும் பிடித்தார்.

"வைஷாலி, ஜெபகுமார் பேசறேன்மா. கோ-பைலட்டா வர்றேன். கடைசி நம்பரே குடு. ஆனா முடிஞ்சப்பல்லாம் கேப்டன் சாம் கூடவே போடச் சொல்லு."

"சார்... யாரை யாரோட போடறதுங்கறது ரோஸ்டர் டிபார்ட்மெண்ட்."

"அங்கயும் சொல்லிக்கறேன்."

கூட்டம் எழுந்து கைதட்டியது. ஒரே விமானத்தில் மாமனாரும் மருமகனும்! பாஸ்டர் "அல்லேலூயா" என்றார். போட்டோக்காரர் இருவரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். ஜெபகுமார் நெருங்கி, மைக்கை அணைத்துவிட்டுச் சொன்னார்:

"கோ-பைலட் வேலை இன்னான்னு ஞாபகம் கீதா? கேப்டன் தப்பு பண்ணா வாயத் தொறந்து சொல்லணும். ஒவ்வொரு தபாவும். அதுவும் விதிதான் மாப்ள."

சாம் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

பந்தியில் ஜாக்குலின் கணவரின் தட்டில் பிரியாணி வைத்தாள். ஹரிஹரன் சொன்னது அதற்குள் அவள் காதுக்கும் வந்திருந்தது.

"பொண்ணு அழுதுகினு கீறா. உங்களுக்கு இப்போ நிம்மதியா?"

"இல்ல. எரியுது."

"சாப்டுங்க. ரெண்டு நாள்ல ஆறிடும்."

"ஆறக் கூடாது ஜாக்குலின். அதுக்குத்தான் வேலைக்கே போறேன்."