சிவப்பை எடுத்தவன்

சாவு வீட்டு வாசலில் சிவப்பு ஆகாது. கல்யாண வீட்டு வாசலில் கறுப்பும் வெள்ளையும் ஆகாது. பெய்காங் பக்கத்து ஊர்களில், லாரியையே மேடையாக்கி வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிற மேடை வண்டியில் ஏறி டிரம்ஸ் அடித்துப் பிழைக்கிறவன் புதுசாக ஒரு செட் வாங்கப் போனால், முதலில் சத்தத்தைப் பார்க்க மாட்டான், நிறத்தைத்தான் பார்ப்பான். இரண்டு வாசலிலும் கண்ணை உறுத்தாமல் நிற்கிற நிறம் வெள்ளிச் சாம்பல். அந்த நிறத்தில் வருகிற மட்டமான செட்டுக்குக்கூட அதனால் நல்ல விலை உண்டு.

பாதி ஆயுளை இந்தத் தொழிலிலேயே கழித்த கிம்சுவானுக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தும் அன்றைக்குச் சியாயியில் உள்ள பழைய வாத்தியக் கடையில், சிவப்பு செட்டின் முன்னால் சண்டித்தனம் பண்ணுகிற மாடு மாதிரி நின்றுகொண்டிருந்தான். அவனுடைய பழைய செட் புயல் வெள்ளத்தில் ஊறி உப்பிப் போயிருந்தது. குழுத் தலைவர் லாய், மாதக் கடைசிக்குள் வேறு வாங்கு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

கூடவே அவன் மனைவி ஆஹுனும் வந்திருந்தாள். அதே குழுவில் பாடுகிறவள் அவள்தான். வயிற்றில் கட்டி என்றும், அறுத்துப் பயனில்லை என்றும், செய்ய வேண்டியதைச் செய்துகொள்ளுங்கள் என்றும் பெரிய ஆஸ்பத்திரியில் போன வாரம்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆஹுன் அதைக் கேட்டுக்கொண்டு வந்தாள். கிம்சுவான் கேட்டும் கேட்காதவனாக வந்தான்.

கடையில் ஆஹுன்தான் எல்லாவற்றையும் பார்த்தாள். ஸ்டாண்டுகளை மடக்கித் தோளில் தூக்கிப் பார்த்தாள். திருகுகளில் துரு இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டினாள். பேஸ் டிரம் பதினெட்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்றாள். அதற்கு மேல் போனால் வண்டி மேடையில் பாடுகிறவள் எங்கே காலை வைப்பது? கடைக்கார மேய் அக்காவும் தொழில் தெரிந்தவள். தோலை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், பெடலும் சிம்பலும் நன்றாக இருந்தால் வருஷக்கணக்கில் கவலையில்லை என்று அவள் சொல்ல, ஆஹுன் தலையாட்டினாள்.

கடைசியில் இரண்டு செட் மிஞ்சின. ஒன்று மினுமினுக்கிற சிவப்பு. ஏதோ ஹோட்டல் குழு வைத்திருந்தது. அடித்தால் நெஞ்சில் வந்து விழுகிற சத்தம். சாவுக்கும் போகிறவன் எவனும் வாங்க மாட்டான் என்பதால் சல்லிசு. மற்றது வெள்ளிச் சாம்பல். சத்தம் தகர டப்பாவுக்கு ஒரு படி மேல், விலை மட்டும் கூடுதல்.

"சத்தத்துக்குச் சிவப்பு, சோத்துக்கு வெள்ளி" என்றாள் மேய் அக்கா.

"வெள்ளியே எடு" என்றாள் ஆஹுன். "கல்யாணம் நாள் பாத்து வரும். சாவு நாளா பாக்குது?"

அவள் சொன்னது நியாயம்தான். ஏழாம் மாதத்தில் பேய்களுக்குப் பயந்து ஒருவரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். சாவு எந்த மாதத்திலும் வரும். மேடை வண்டிக்காரர்களின் அடுப்பு பாதி நாள் எரிவது சாவு வீட்டுக் கச்சேரியால்தான். ஆனால் கிம்சுவான் அந்தச் சாம்பல் செட்டைப் பார்த்தபோது அவனுக்கு வேறொன்று தெரிந்தது. அடுத்து எந்த வாசலில் அதை இறக்கி வைக்க வேண்டிவரும் என்று தெரிந்தது. உயிரோடு பக்கத்தில் நிற்கிறவளுக்குப் பெட்டி அளவெடுக்கிற மாதிரி இருந்தது.

"சிவப்பையே குடுங்கக்கா" என்று பணத்தை எடுத்துவிட்டான்.

திரும்பி வருகிற வழியில், கரும்புக் காடு தாண்டினபிறகு ஆஹுன், "யோவ், வெள்ளிய எடுத்திருக்கலாம்" என்றாள். இனிமேல் கல்யாணத்துக்கு மட்டும்தான் அடிப்பேன், சாவு வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று அவன் வீறாப்பாகச் சொன்னான்.

"சாவு வீடு நம்ம பக்கம் வந்தா?"

அவன் வண்டி ரேடியோவைச் சத்தமாக வைத்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள். இருண்டுவிடும் என்று நம்புகிற பூனையும் உலகத்தில் உண்டு.

அந்த வருஷக் கடைசியில் கல்யாணங்கள் அடுத்தடுத்து வந்தன. சொல்லக் கூடாது, சிவப்பு செட் வந்த நேரம் நல்ல நேரம்தான். விளக்கு வெளிச்சத்தில் அது ஜொலிக்கிறதைப் பார்த்துப் புதுப்பெண்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆஹுன் இடுப்பில் துண்டைச் சுற்றி அதன்மேல் கவுனைப் போட்டு, மெலிந்தது தெரியாமல் முக்காலியில் உட்கார்ந்து பாடினாள். மூச்சு வாங்குகிற இடத்தில் கிம்சுவான் ஒரு தட்டு கூடப் போட்டு மறைத்தான். உனக்கு இளமை திரும்புதுக்கா என்று லாய்கூடக் கேலி பண்ணினார். சாவுக் கச்சேரிக்கு மட்டும் லாய், சோங் என்று வேறொருவனைச் சேர்த்துக்கொண்டார். முப்பது வயது, வாய் நிறைய மரியாதை. அவனிடம் இருந்தது வெள்ளிச் சாம்பல் செட்.

வசந்தத்தில் ஆஹுன் படுத்துவிட்டாள். போகிற உயிர் முன்கூடத்தில்தான் போக வேண்டும் என்பது முறை. அங்கே கட்டிலைப் போட்டார்கள். அங்கே இருந்த டிரம்ஸை எடுத்து வெளியே வைக்கிறேன் என்றான் கிம்சுவான். வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். ஒரு நாள் சாயங்காலம் சர்க்கரைவள்ளிக் கஞ்சி இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, மூன்றாவதைக் கையால் தடுத்தாள்.

"அன்னிக்குக் கடையில நான் சோத்துக்கா வெள்ளிய எடுக்கச் சொன்னேன்?"

"பின்ன?"

"எனக்கு அடிக்கத்தான்யா. ஊர்ல போனவங்க எல்லாருக்கும் நீ அடிச்ச. எனக்கு எவனோ வந்து அடிப்பானா?"

அவன் கஞ்சிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அத அங்கயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"கடையில நின்னுக்கிட்டு எப்பிடிச் சொல்றது? பாதி சொன்னா புரிஞ்சுக்குவன்னு நெனச்சேன்."

நாளைக்கே போய் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றான். அவள் சிரித்த மாதிரி இருந்தது. மறுநாள் அவன் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. போய் மாற்றினால் அவள் சாவுக்கு அவனே நாள் குறித்த மாதிரி ஆகிவிடும், தள்ளிப்போடுகிற ஒவ்வொரு நாளும் அவள் ஒரு நாள் கூட இருப்பாள் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. பாவி, அந்தக் கணக்கை எமன் போட வேண்டாமா? வாரம் முடிவதற்குள் ஆஹுன் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு நாள் பார்த்தார்கள். சிவப்பு செட்டை வெள்ளைத் துணியால் மூடி வைத்துக் கிம்சுவானே அடிக்கட்டுமே என்று லாய் சொல்லிப் பார்த்தார். ஆஹுனின் அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. பெண் செத்தால் பிறந்த வீட்டுக்காரன் சொல்தான் சட்டம். எண்பதைத் தாண்டினவர்கள் போனால் சிவப்பு வைக்கலாம், நிறைந்த சாவு, என் தங்கச்சிக்கு ஐம்பத்தொன்று, மூடினாலும் உள்ளே சிவப்புதான் என்றார். லாய் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

கிம்சுவான் செட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு சியாயிக்குப் போனான். சட்டைக் கையில் துக்கத் துணி குத்தியிருந்ததால் கடைக்குள் கால் வைக்கவில்லை. தெருவில் நின்று கூப்பிட்டான். மேய் அக்கா வந்து அந்தத் துணியைப் பார்த்ததும் கையிலிருந்த துடைக்கிற துணியைக் கீழே வைத்தாள். சாம்பல் செட் இன்னும் அதே மூலையில் இருந்தது, தெருவிலிருந்தே தெரிந்தது. இதை எடுத்துக்கொண்டு அதைக் கொடுங்கள், எவ்வளவு குறைத்துப் போட்டாலும் சரி என்றான்.

மேய் அக்கா வண்டியில் இருந்ததை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு கீறல் இல்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. உயிர் போனப்ப இது எங்க இருந்துச்சு?"

லாய் வீட்டுக் கொட்டகையில் என்று சொன்னால் போதும். அவள் நம்பிவிடுவாள். சொல்லத்தான் நினைத்தான். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் ஆஹுன் சாவுக் கச்சேரிக்கு என்று தனிச் செருப்பு வைத்திருந்தவள். அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒருநாளும் கல்யாண வீட்டுப் படி ஏறியதில்லை. நம் துக்கத்தைக் கொண்டுபோய் இன்னொரு பெண்ணின் வாசலில் இறக்கலாமா என்பாள். நாளைக்கு எவளோ ஒருத்தி இந்தச் சிவப்பின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வாள்.

"அவ தலைமாட்டுல" என்றான்.

மேய் அக்காவின் கண் நிறைந்துவிட்டது. இருந்தாலும் முடியாது என்று தலையை ஆட்டினாள். இதை வாங்கி நான் யார் கல்யாணத்துக்கு விற்பேன் தம்பி என்று கேட்டாள். சாம்பலை ஒருநாள் வாடகைக்குக் கொடுங்கள் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. ஊரார் சாவுத் தீட்டு வாத்தியத்தில் ஒட்டாது. துக்கக்காரன் கை பட்டால் ஒட்டும். அவன் அடித்த பிறகு அதுவும் கல்யாணத்துக்கு ஆகாமல் போகும். விலைக்கு வாங்கவோ ஆஸ்பத்திரி ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

அடக்கத்துக்கு முதல் நாள் சோங் வீட்டுக்கு வந்தான். முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துப் பேசினான். "அண்ணே, என் செட்ல உங்களையே ஒக்காரச் சொல்லணும்னுதான் இருக்கு. ஞாயித்துக்கிழம ஒரு கல்யாணம் ஒத்துக்கிட்டேன்."

பரவாயில்லை, நீயே அடி என்றான் கிம்சுவான். அக்காவுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று சோங் கேட்டான். துறைமுகத்தில் காத்திருக்கிறவளின் பாட்டு, அவள் எப்போதும் கடைசியில் பாடுவது, அதைச் சொன்னான். "ரெண்டாவது சரணம் எடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் இழுத்து அடி. அவ அங்கதான் மூச்சு எடுப்பா."

சோங் சரி என்று தலையாட்டினான். பாடப்போவது வேறொருத்தி என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் கிம்சுவானைத் துக்கக்காரர்கள் வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடை வண்டி வாசலில் நின்றது. பாடினவள் தாய்ச்சுங்கிலிருந்து வந்தவள், நல்ல குரல், குறை சொல்ல முடியாது. சோங்கும் நல்லவன். சொன்ன இடம் வந்ததும் சொன்ன மாதிரியே இழுத்தான். அவளுக்கு அங்கே மூச்சு தேவைப்படவில்லை, நேராகச் சரணத்துக்குள் போய்விட்டாள். சோங் அவசரமாகப் பின்னால் ஓடிப் பிடித்துக்கொண்டான். வந்தவர்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

கிம்சுவான் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தான். அழவில்லை. வலது கால் மட்டும், இல்லாத பெடலை மிதிக்கிற மாதிரி, தரையை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த ஆஹுனின் அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவன் முழங்காலில் கையை வைத்தார். கால் நின்றது.