பதினான்காவது பைனாகுலர்

கோடை விடுமுறை வந்துவிட்டால் ஏரிக்கரைப் பூங்காவில் எல்லாம் இலவசம். பறவை பார்ப்பது இலவசம், குட்டையில் வலை போட்டுப் பூச்சி பார்ப்பது இலவசம், குடும்பத்தோடு கரையைச் சுற்றி நடப்பது இலவசம். பிள்ளைகள் தலையில் மாட்டிக்கொள்ளும் பச்சைத் தொப்பிகூட இலவசம்தான். இத்தனை இலவசத்துக்கும் நடுவே காலை ஆறரை மணியிலிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஒருத்தி நிற்கிறாளே, அவளை எல்லோரும் ஏரி டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சர் வேலைக்கெல்லாம் அவள் படிக்கவில்லை. படித்தது விலங்கியல், கிடைத்தது இது.

அது ஏழாவது வாரம். ஆடுசதை இரண்டும் கல்லாகிப் போயிருந்தன. "நாரை எதுக்கு ஒத்தைக் கால்ல நிக்குது?" என்ற கேள்விக்கு இந்தக் கோடையில் மட்டும் எப்படியும் நூறு தடவை பதில் சொல்லியிருப்பாள். கேட்கிற பிள்ளைக்கு அது முதல் தடவையாயிற்றே! முகத்தை மலர்த்தி வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். அந்த முகத்தை மலர்த்துவதுதான் இருப்பதிலேயே பெரிய பாடு. மற்ற வேலையெல்லாம் தன்பாட்டில் நடந்துவிடும்.

அன்றைக்கு அவளோடு அவள் மகளும் வந்திருந்தாள். எட்டு வயது. ஆள் சின்ன உருவம், வீட்டுக்குள் சத்தமே இல்லாமல் நடமாடுவாள், அதனால் சுண்டெலி. அப்பா வைத்த பெயர். அந்த அப்பாவுக்குக் கப்பலில் வேலை. ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். அந்த மூன்று மாதம் கோடையில் வந்ததாக மட்டும் சரித்திரமே இல்லை.

வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சுண்டெலி மாடி வீட்டு ஆன்ட்டியின் பொறுப்பு. ஆன்ட்டி நல்ல மனுஷிதான், தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவாள். அன்றைக்கு மகளைக் கையோடு கூட்டி வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏரி டீச்சரின் அக்கா வருகிறாள், பதில் கேட்க.

"பிள்ளையை என்கிட்ட விடுடி," என்று இரண்டு மாதமாகவே அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். "என் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஸ்கூலு. என் பசங்க ரெண்டும் வேலை வேலைன்னு கிளம்பிப் போயாச்சு, வீடு வெறிச்சோடிக் கிடக்கு. நீ காலையில போனா இருட்டினப்புறம் வர்ற. அவ யாரோ வீட்டுல கிடக்குறா. நான் என்ன மூணாம் மனுஷியா?"

மூன்றாம் மனுஷி இல்லைதான். அதுதானே சங்கடம். அக்கா கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். கணவனைக் கேட்டால், கடலுக்கு நடுவிலிருந்து, "உன் இஷ்டம்மா," என்கிறான். கடைசியில் அவள், "அவளையே கேப்போம்கா, அவ என்ன சொல்றாளோ அதுதான்," என்று சொல்லிவிட்டாள். மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு, "நான் போக மாட்டேன்," என்று அழுவாள் என்ற நம்பிக்கையில் சொன்ன பேச்சு அது. சுண்டெலி அழவில்லை. யோசித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை சொல்றேன்," என்றாள்.

அந்த ஞாயிறுதான் இது. அதனால்தான் காலையில் தலை வாரிவிடும்போது, "இன்னைக்கு நீயும் பூங்காவுக்கு வா. முழு நாளும் நாம ரெண்டு பேரும் ஒண்ணாவே இருக்கலாம்," என்று மகளிடம் சொன்னாள். சுண்டெலியின் முகம் சட்டென்று பிரகாசமானது. "ரெண்டு பேர் மட்டுமா?" என்று கேட்டாள். ஏரி டீச்சர் வாயில் சீப்பு இருந்ததால் பதில் சொல்லவில்லை.

ஒன்றாக இருந்த லட்சணத்தைத்தான் பார்க்க வேண்டும்! காலை ஏழு மணிக்குப் பறவை பார்க்கப் பதினோரு குடும்பம். அதில் ஒரு பாட்டனார் தன் இளமையில் பார்த்த கழுகைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பத்தரைக்குக் குட்டை. ஒரு பையன் வலையோடு தானும் உள்ளே போனான், அவனைத் தூக்கித் துடைத்து, அவன் அம்மாவிடம் நாலு பேச்சு வாங்கிக் கட்டிக்கொண்டாள். மதியம் நின்றபடியே ரொட்டியைத் தின்றாள். பக்கத்தில் நின்றுகொண்டு சுண்டெலி, "அம்மா, நான் ஒரு மீன்கொத்தி பாத்தேன்," என்று ஆரம்பித்தாள். அதற்குள் கதவருகே காவலாளி கூப்பிட்டார். "இதோ வந்துடறேன்டி, அப்புறம் சொல்லு," என்று சொல்லிவிட்டு ஓடினாள். அந்த மீன்கொத்திக் கதையை அப்புறம் யாரும் கேட்கவில்லை.

மூன்று மணிக்குக் குடும்ப நடை. கரையோரமாக நடந்து, நாணலுக்குள் இருக்கிற மரக்குடிலில் உட்கார்ந்து பறவை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். கிளம்புமுன் தலை எண்ணுவது ஏரி டீச்சரின் வழக்கம். ஏரி அல்லவா, தண்ணீர் விளையாட்டுப் பொருளில்லை. ஒவ்வொரு பிள்ளையின் தொப்பியிலும் விரலை வைத்து எண்ணி, தொகையை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வாள். குடிலுக்குப் போனதும் ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை. ஆறு வருஷத்தில் ஒரு பிள்ளை தவறியதில்லை. மேலதிகாரியே நாலு பேர் முன்னால் வைத்துப் பாராட்டியிருக்கிறார்.

அன்றைக்கும் எண்ணினாள். வரிசையின் கடைசியில் சுண்டெலியும் பச்சைத் தொப்பியோடு நின்றாள். விரல் அவளுக்கு முந்தின பையனோடு நின்றுவிட்டது. பதிவு செய்த பிள்ளைகளைத்தானே எண்ண வேண்டும், சொந்தப் பிள்ளையை யார் பதிவேட்டில் எழுதுவார்கள்? இருபத்தாறு என்று உள்ளங்கையில் எழுதினாள்.

குடிலில் இருபத்தாறு. திரும்பி வந்ததும் இருபத்தாறு. அப்பாடா என்று இருந்தது. பெற்றோர்கள் நன்றி சொன்னார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். "நீங்க குடுத்து வச்சவங்க டீச்சர், இயற்கையோடவே வாழறீங்க," என்றார் ஒரு அப்பா. அவர் வாயில் ஒரு தட்டான் பூச்சியைப் போடலாமா என்று இருந்தது. சிரித்து வைத்தாள்.

எல்லோரும் கலைந்த பிறகு சாமான்களை எண்ணி அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். வலை ஒன்பது, சரி. பூதக்கண்ணாடி பன்னிரண்டு, சரி. பைனாகுலர் பதிமூன்று.

மறுபடி எண்ணினாள். பதிமூன்றுதான். மேஜைக்கு அடியில் பார்த்தாள், தொப்பிப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தாள். பதினான்காவது பைனாகுலரைக் காணோம். அவளுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. இலவசம் என்றால் பைனாகுலரும் இலவசம் என்று எவரோ பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்! இனி அதற்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டும், மேலதிகாரி உதட்டைச் சுழிப்பதைப் பார்க்க வேண்டும். ஒருவேளை குடிலில் விட்டிருப்பார்களோ? மணி நாலரை. அக்கா வருவதற்குள் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினாள்.

குடிலுக்குப் பத்து நிமிட நடை. அன்றைக்கு அது ஐந்தாவது தடவை. கால் வராமல் இழுத்துக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் அந்த முகம் தெரியாத திருடனைக் குலம் கோத்திரம் வரைக்கும் திட்டிக்கொண்டே போனாள்.

குடில் வாசலில் நின்றவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே பலகையில் ஒரு பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பச்சைத் தொப்பி. அட பாவிகளா, பிள்ளையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களே! எப்பேர்ப்பட்ட அம்மா அப்பா இவர்கள், வீடு போய்ச் சேர்ந்த பிறகாவது கூட ஒரு ஜீவன் வந்ததே என்று தோன்றாதா? தன் கணக்கு எப்படித் தப்பியது என்று உள்ளங்கையைப் பார்த்தாள். இருபத்தாறு. அப்போது அந்தப் பிள்ளையின் கழுத்தில் தொங்கிய பைனாகுலர் கண்ணில் பட்டது.

"இங்கதான் இருக்கா! பைனாகுலர் இங்கதான் இருக்கா!" என்றாள்.

பிள்ளை திரும்பியது. சுண்டெலி.

குடிலைவிட்டு எல்லோரும் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இந்த ஒரு மணி நேரத்தில் மகள் எங்கே என்று ஒரு தடவைகூடத் தேடவில்லை. தேடவில்லை என்பதைவிட, தேட வேண்டும் என்றே தோன்றவில்லை. சாமான் எண்ணத் தோன்றியது. எட்டடி தள்ளித் தண்ணீர். ஓடிப்போய் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"என்னடி பண்ற இங்க? ஏன்டி எங்ககூட வரல? தனியா இங்க... தண்ணி இருக்குன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும். நான் எழுந்திரிக்கவே இல்லம்மா. பலகையிலேயேதான் இருந்தேன்."

"பயமா இல்லையா?"

"கொஞ்சம்." சுண்டெலி பைனாகுலரைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்தாள். "இதை வச்சிருந்தா நீ தேடி வருவேன்னு தெரியும். அதான் வச்சுக்கிட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். மழை வரும் என்று குடை எடுத்துக்கொண்டேன் என்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். ஏரி டீச்சர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். அந்த அழுகையில் பாதி குற்ற உணர்ச்சி, மீதி வெறும் அலுப்பு. சுண்டெலி தன் தொப்பியைக் கழற்றி அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள். "எழுந்திரும்மா, பெரியம்மா வந்துடுவாங்க," என்றாள்.

திரும்பி நடக்கும்போது மகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கலாம். இனிமேல் இப்படி நடக்காது என்று சொல்லலாம். நடக்காதா? எட்டாவது வாரம் இருக்கிறது, ஒன்பதாவது வாரம் இருக்கிறது. இவள் போக மாட்டேன் என்று மட்டும் சொல்லட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். என்னத்தைப் பார்ப்பது என்று அவளுக்கே தெரியவில்லை.

வாசலில் அக்கா நின்றிருந்தாள். தங்கையின் சிவந்த கண்ணைப் பார்த்ததும், "என்னடி ஆச்சு?" என்றாள்.

ஏரி டீச்சர் வாயைத் திறப்பதற்குள் சுண்டெலி முந்திக்கொண்டாள். "அம்மாவுக்குக் கண்ணுல தூசி பெரியம்மா."

எட்டு வயசுப் பிள்ளை தனக்காகப் பொய் சொல்கிற அளவுக்கு வந்தாயிற்று. அவமானத்தில் அம்மாவுக்குக் காது சூடானது. "தூசி இல்லக்கா," என்றாள். "இவளைக் குடில்ல விட்டுட்டு வந்துட்டேன். ஒரு மணி நேரம். ஊரான் பிள்ளை இருபத்தாறையும் எண்ணிக் கூட்டிட்டு வந்து ஒப்படைச்சேன். இவளை மறந்துட்டேன்."

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தாள். அக்கா திட்டவில்லை. தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நீ கடைசியா எப்பத்தான்டி தூங்கின?" என்று கேட்டாள். அக்கா குனிந்து சுண்டெலியின் தோளில் கை வைத்தாள். "நீ சொல்லு செல்லம். பெரியம்மாகூட வர்றியா, அம்மாகூட இருக்கியா? எதுவா இருந்தாலும் பெரியம்மா கோச்சுக்க மாட்டேன்."

சுண்டெலி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரியம்மா வீட்டுக்குப் போறேன்."

எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் பிடித்திருந்த கையை விடவில்லை. "அம்மா மேல கோவமாடி?" என்று கேட்டாள் ஏரி டீச்சர்.

"கோவமெல்லாம் இல்ல," என்றாள் மகள். ஒன்றும் புரியாத பெரியவர்களுக்கு விளக்குகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "நீ பெரியம்மா வீட்டுக்கு எப்ப வந்தாலும் லீவு போட்டுட்டுத்தானேம்மா வருவ? அங்க வந்தா என்கூடவேதான் இருப்ப. வேற பசங்க யாரும் இருக்க மாட்டாங்க. இங்கேயே இருந்தா நீ லீவே போட மாட்ட."

காவலாளி கதவுச் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"வருவல்ல?" என்றாள் சுண்டெலி.

"வர்றேன்டி. வராம எங்க போவேன்? அடுத்த ஞாயிறே..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

"அடுத்த வாரம் தட்டான் நாள், உனக்கு வேலை இருக்கு. எனக்குத் தெரியும்," என்றாள் மகள். "அதுக்கு அடுத்த வாரம் வா."

ஏரி டீச்சர் மகளைக் கட்டிக்கொண்டு, "கண்டிப்பா வர்றேன்," என்றாள். அக்கா ஒரு கையும் அவள் ஒரு கையும் பிடித்து, பிள்ளையின் துணிமணி எடுக்க வீட்டுப் பக்கம் நடந்தார்கள். மகள் வரச் சொன்ன அந்த வாரம்தான் ஆமை நாள். வெள்ளிக்கிழமைதான் அட்டவணையில் சேர்த்திருந்தார்கள், நாற்பது குடும்பம் பெயர் கொடுத்தாயிற்று. அது சுண்டெலிக்குத் தெரியாது.