கையெழுத்துப் போட ஆளில்லை

காலை எட்டரைக்கே அலோசியஸ் நன்னடத்தை அலுவலகத்து வாங்கில் வந்து உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில், தெரிந்த ஊர்க்காரி பேர்பெச்சுவா. டொச், அதாவது ஜெர்மன் மொழி, தெரிந்தவள் என்று அவன் கேட்டதற்காக, ஆஸ்பத்திரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

தங்கச்சியைக் காரில் ஒல்லாந்து எல்லையால் களவாகக் கூட்டிவந்ததற்கு அவனுக்கு ஒன்பது மாதச் சிறை. ஆறு மாதத்தில் விட்டார்கள். மாதம் ஒருமுறை அதிகாரி முன் நின்று கையெழுத்து வாங்கவேண்டும். மூன்று மாதம் தவறினால் மிச்சத்துக்கும் உள்ளே. விட்ட கையோடு, மனைவி இருந்த ஹெஸன் மாநில அகதி முகாமுக்கு மாற்றினார்கள். மார்ச்சில் கையெழுத்து இல்லை. ஏப்ரலிலும் இல்லை. இன்று எண்பத்தேழாம் ஆண்டு மே மாதத்தின் கடைசி வேலைநாள்.

அதிகாரி கதவைத் திறக்கும்போதே தலையை ஆட்டினார். பைல் வரவில்லையாம். அது வரும்வரை அவன் சிறையிருந்த பழைய மாநிலத்து ஆளாம்.

"ஆளே முன்னால நிக்குது, அது காணாதோ எண்டு கேக்கட்டே?" என்றாள் பேர்பெச்சுவா.

"கேளுங்கோ அக்கா."

கேட்டாள். காணாதாம், பைல்தான் வேண்டுமாம்.

விடாமல் நின்று பழைய மாநிலத்துக்குத் தொலைபேசி எடுக்கவைத்தாள். அங்கிருந்தவர், பைலை மார்ச்சிலேயே அனுப்பியாயிற்று, அவன் ஹெஸன் ஆள் என்றார். இரண்டு அதிகாரிகளும் மிக மரியாதையாக அவனை மற்றவர் தலையில் கட்டப் பார்த்தார்கள். கடைசியில் பழைய அதிகாரி இறங்கிவந்தார். நாலு மணிக்குள் நேரில் வந்தால் இந்த ஒருமுறை கையெழுத்துப் போடுவாராம்.

ஆனால் அகதி வழக்கு முடியாதவன் மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதித் துண்டு வேண்டும். அதற்கு வெளிநாட்டவர் அலுவலகம், மூன்றாம் மாடி. அனுமதி தரலாம், கண்காணிக்கும் அதிகாரியின் கடிதம் எங்கே என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

"எந்த அதிகாரி எண்டு கேக்கிறா."

"அதைத்தானே அக்கா நானும் மூண்டு மாசமாக் கேக்கிறன்."

திரும்பக் கீழே ஓடினார்கள். தன் பொறுப்பில் இல்லாதவனுக்குத் தான் எப்படி எழுதுவது என்றார் ஹெஸன் அதிகாரி. எழுதினால் அவன் திரும்பத் தன் தலையில் விழுவான் என்றார் தொலைபேசியில் மற்றவர். மணி பன்னிரண்டேகால்.

"இவங்களோட மாரடிக்க ஏலாது," என்றாள் பேர்பெச்சுவா. "போனாலும் பிழை, போகாட்டிலும் பிழை. என்ன செய்யப்போறாய் தம்பி?"

"போகாட்டி உள்ள போடுவாங்கள். போவம்."

மாநில எல்லை தாண்டிய முதல் நிலையத்தில் இரண்டு பொலிஸ்காரர் ரயிலில் ஏறினார்கள். பெட்டி நிறைய ஆட்கள். நேரே அவனிடம்தான் வந்தார்கள். பேர்பெச்சுவா தொண்டை கட்டும்வரை விளங்கப்படுத்தினாள். இளையவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு இருவரையும் இறக்கி, நிலையத்து அறையில் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். பெயர், பிறந்த திகதி, மீறிய சட்டம், எங்கே போக இருந்தான், ஏன். நாலு மணி அங்கேயே ஆயிற்று.

"சனியன் பிடிச்ச சட்டம்," என்று பேர்பெச்சுவா சுவரில் சாய்ந்தாள். அவளுக்கு அழுகை வந்தது.

பொலிஸ்காரர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, பிரதியை நீட்டினார். அலோசியஸ் அதை மேலிருந்து கீழே பார்த்தான்.

"இன்னொரு கொப்பி தருவாரோ எண்டு கேளுங்கோ அக்கா."

"என்னத்துக்கு? உனக்கு எதிரா எழுதின வழக்கடா இது."

"தெரியும். மே மாசம் நான் எங்க நிண்டனான் எண்டு ஒராள் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ரெண்டு அதிகாரிமாருக்கும் காட்டவேணும்."

முத்திரையின் மை இன்னும் காயவில்லை. கலைந்துவிடாதபடி மெல்ல ஊதினான்.