நடக்காத கூட்டத்தின் அறிக்கை

ஜூலை இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்குப் பஞ்சம்மாள் என் வீட்டுக்குள் நுழைந்த கோபத்துக்கு, பக்கத்தில் ஒரு சரவெடியை வைத்திருந்தால் நெருப்பே இல்லாமல் வெடித்திருக்கும். கையில் ஒரு பெரிய அச்சுத்தாள். அதை என் இட்லித் தட்டின் மேலேயே விரித்தாள்.

"அண்ணே, நான் எப்ப அழுதேன்னு பாத்துச் சொல்லுங்க."

நாற்பத்தோரு வருடம் சிவகாசி அச்சகங்களில் புரூப் திருத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்த ஊர்க் காலண்டரில் ஏறி, என் கண்ணில் படாமல் ஒரு ராகுகாலமும் வெளியூர் போனதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முழுப்பக்கப் படத்தில் பஞ்சம்மாள் தன் வீட்டு வாசலில் நின்று பல் தெரியச் சிரிக்கிறாள். கீழே எழுத்து: 'ஆகஸ்ட் 12 அன்று நடைபெற்ற மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில், என் வீட்டை மனமுவந்து ஒப்படைக்கிறேன் என்று ஆனந்தக் கண்ணீருடன் கூறிய பயனாளி பஞ்சம்மாள்.'

"இன்னைக்கு தேதி என்ன?" என்றேன்.

"இருபத்தெட்டு. ஆடி பன்னெண்டு. நான் இன்னும் அழவே இல்லண்ணே. இப்பத்தான் அழுகையா வருது, கோவத்துல."

விஷயம் இதுதான். எங்கள் முத்துமாரிப் பேட்டையில் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். எல்லாவற்றையும் இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டப் போகிறார்களாம். நகர் மறுசீரமைப்புத் திட்டம் என்று பெயர். எங்களுக்குத் தாயில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் நாலு மாடி அடுக்கு வீடு. காக்காய் கூட அங்கே போவதென்றால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டுதான் போகும்.

பஞ்சம்மாளுக்கு அது வெறும் வீடு மாற்றம் இல்லை. அச்சகங்களிலிருந்து தாள் கட்டுகள் டிரைசைக்கிளில் அவள் வீட்டுக்கு வரும். மடித்து, அடுக்கி, தைத்துத் திருப்பிக் கொடுப்பாள். புருஷன் போன பிறகு பதினெட்டு வருடமாக அந்த ஒற்றை அறைதான் அவளுக்குக் கம்பெனி. தாயில்பட்டிக்கு எந்த முதலாளி தாள் கட்டு அனுப்புவான்? வீடு போனால் அன்றைக்கே கை நின்றுவிடும்.

"இந்தப் படத்த எப்ப எடுத்தாக?"

"போன மாசம் ஒரு பொண்ணு வந்துச்சு. தண்ணிக் குழாய் வருதான்னு கேட்டுச்சு. சிரிங்க ஆத்தான்னுச்சு. சிரிச்சுத் தொலைச்சேன். இன்னைக்கு மடிக்கிறதுக்கு வந்த கட்டுல நானே இருக்கேன். என் சம்மதத்த என்னையவே மடிக்கச் சொல்றானுகண்ணே!"

எனக்கு ஏறிய கோபத்தில் காது மடலில் அப்பளம் சுட்டிருக்கலாம். செருப்பைக்கூட ஜோடி பார்க்காமல் மாட்டிக்கொண்டு, அந்தத் தாளை அடித்த அச்சகத்துக்கு நடந்தேன். பஞ்சம்மாள் எனக்கு முன்னால் போனாள்.

முதலாளி சரவணக்குமார் முப்பத்தைந்து வயதுப் பிள்ளை. அச்சகம் எங்கள் பேட்டையின் கடைசியில் இருக்கிறது. தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"வாங்க சார், வாங்க. பச்சை எப்படி வந்திருக்கு பாத்தீகளா?"

"பச்சை கிடக்கட்டும்டே. இன்னும் நடக்காத கூட்டத்த நடந்துச்சுன்னு அறிக்கைப் புத்தகம் அடிச்சிருக்கியே, படிச்சியா?"

தலையைச் சொறிந்தான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. இந்த ஊரில் வராத தேதியைப் பார்த்து யார் மலைக்கிறார்கள்? அடுத்த வருடப் பொங்கலையும் அமாவாசையையும் ஆடியிலேயே அச்சடித்து அடுக்குகிறவர்கள் நாங்கள். பிளேட் போட்டவன், மெஷின் ஓட்டியவன், தாள் அறுத்தவன், எல்லோர் கையிலும் ஆகஸ்ட் பன்னிரண்டு போய் வந்திருக்கிறது. ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை. மற்ற ஊரில் இதை முதல் ஆளே பிடித்திருப்பான்.

"திட்ட ஆபீஸ்காரகதான் சார் அவசரப்படுத்துனாக," என்றான் சரவணக்குமார். "ஆடிப் பதினெட்டுக்குப் புது வருசக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளிய வந்துட்டா ஆர்டர் கொட்டும், பெறகு மெஷின் கிடைக்காதுன்னு நாந்தான் சொன்னேன். சரி, இப்பவே முடிச்சுக் குடுங்கன்னுட்டாக."

"அதே தாளோட பின்பக்கம், பதினோராம் பக்கத்த எடு."

எடுத்தான். வளாகத்தின் வரைபடம். இவன் அச்சகம் இருக்கும் இடத்தில் அழகான நீலக் கட்டம். உள்ளே 'இருசக்கர வாகன நிறுத்துமிடம்' என்று எழுதியிருந்தது. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தான். கட்டம் மாறவில்லை.

"ஏலே, என் மெஷின்லயே என்னைய இடிச்சிருக்கானுக!"

"நல்லா பாரு," என்றாள் பஞ்சம்மாள். "நீலம் எப்படி வந்திருக்கு?"

ஆர்டர் ஐந்நூறு பிரதி. அதைக் குறைவில்லாமல் கொடுத்துவிட்டோம். ஆனால் எந்த அச்சகத்திலும் கழிவுக்கென்று தாள் கூடுதலாக ஓடும். அதில் நல்லதாக அறுபது பிரதி தேறியது. பஞ்சம்மாளும் அவள் கூட்டாளிகளும் அவற்றை மடித்துத் தைத்த வேகத்துக்கு அரசாங்கம் விருது கொடுக்க வேண்டும். கொடுக்காது.

ஆகஸ்ட் பன்னிரண்டு, கல்யாண மண்டபம். மேடையில் திட்ட அதிகாரி விக்னேஷ்வரன், வெள்ளைச் சட்டையில் பல்பொடி விளம்பரம் மாதிரி உட்கார்ந்திருந்தார். பேட்டை மொத்தமும் கீழே. வீட்டு வாடகைக்காரன், அவன் மாமியார், மாமியாருக்கு வேண்டாதவர்கள் என்று ஒரு லட்சம் பேர் இருப்பார்கள். சரி, அறுநூறு.

அதிகாரி மைக்கைத் தட்டினார். "அனைவரையும் வருக வருக என வரவேற்கிறேன்."

"பக்கம் நாலு, முதல் வரி," என்று பஞ்சம்மாள் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தாள். "வரவேத்தாச்சு. அடுத்தது?"

"மக்கள் கரவொலி எழுப்பினர்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வாசித்தது. அறுநூறு பேரும் ஒரே ஒரு தட்டு தட்டினார்கள். மண்டபத்துப் புறாக்கள் விருதுநகர் போய்த்தான் இறங்கியிருக்கும்.

அதிகாரி திகைத்தார். "அமைதி. இத்திட்டம் உங்கள் வாழ்வில்..."

"ஒளியேற்றும்," என்று மொத்தக் கூட்டமும் முடித்துக் கொடுத்தது. "பக்கம் அஞ்சு!"

"பக்கம் ஆறுல எல்லாருக்கும் டிபன் குடுத்ததா போட்டிருக்கீகளே," என்றார் சுமை தூக்கும் ஒச்சப்பன். "எங்க சார்? நாங்க தின்னுட்டு மறந்துட்டமா?"

சிரிப்பு மண்டபத்தைக் குலுக்கியது. பஞ்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அதிகாரி யாரிடமோ கிசுகிசுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது அச்சகத்தின் தவறு. அச்சுப்பிழை."

ஐயா, என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சிவகாசியில் நின்றுகொண்டு, நாற்பது பக்கப் பொய்க்கு அச்சுப்பிழை என்று பெயர் வைக்கிறான்! நான் எழுவதற்குள் சரவணக்குமார் எழுந்துவிட்டான். கையில் புரூப். வாடிக்கைக்காரர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எங்கள் ஊரில் எந்த மெஷினும் ஓடாது.

"நாப்பது பக்கத்துலயும் 'சரி, அச்சிடலாம்'னு நீங்க கையெழுத்து போட்டிருக்கீக சார். பன்னெண்டாம் பக்கத்துல ஒரு திருத்தமும் உங்க கையால போட்டிருக்கீக. 'மகிழ்ச்சியுடன்'ங்கிறத அடிச்சிட்டு 'ஆனந்தக் கண்ணீருடன்'னு."

பஞ்சம்மாள் நடந்து மேடை ஏறினாள். யாரும் தடுக்கவில்லை.

"என் கண்ணீர நீங்கதான் எழுதுனீகளா?"

"அம்மா, அது ஒரு மாதிரி வரைவுதான். முன்கூட்டியே..."

"எம் புருஷன் செத்த மறுநாள் காலையிலகூட நான் தாள் மடிச்சேன் சார். அந்த வீட்டுலதான். அழுறதுக்கு நேரம் இல்ல. நீங்க உக்காந்து யோசிச்சு, எம்புட்டு அழுகை போட்டா நல்லாருக்கும்னு பாத்து எழுதியிருக்கீக. கரிசக்காட்டுல நாலாவது மாடியில உக்காந்து எதைய மடிப்பேன்? என் கையையா? ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"உங்கள் கருத்துகளைப் பரிசீலிக்கிறோம். கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது," என்று அதிகாரி பையை எடுத்தார்.

"ஒத்திவைங்க. அதுக்கு முன்னாடி எழுதுங்க." மேடையில் கிடந்த கூட்டப் பதிவேட்டைப் பஞ்சம்மாள் அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அதில் ஒரு எழுத்துகூட இல்லை. "கருத்துக் கேக்கத்தான வந்தீக. கேட்டுக்கோங்க. வீட்டு எண் அறுபத்தேழு. பஞ்சம்மாள். சம்மதம் இல்ல."

அவர் கீழே பார்த்தார். அறுநூறு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. அந்த அமைதியில் மின்விசிறியே பயந்து மெதுவாகச் சுற்றியது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை.

விக்னேஷ்வரன் உட்கார்ந்தார். பேனா மூடியைக் கழற்றினார். எழுதினார்.

"வாசிங்க," என்றாள்.

வாசித்தார்.

"கையெழுத்து, தேதி."

போட்டார். அவள் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். இந்தத் திட்டம் இதோடு செத்துவிடாது, வேறு பெயரில் வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதிய முதல் வரி அந்தப் பதிவேட்டில் ஏறிவிட்டது.

அதிகாரி பேனாவை மூடப் போனார்.

"என்ன அதுக்குள்ள மூடுறீக?" என்றாள் பஞ்சம்மாள். "அறுபத்தெட்டாம் நம்பர் வீட்டுக்காரக நிக்கிறாக பாருங்க. இன்னும் முந்நூத்திப் பதினோரு வீடு இருக்கு. எழுதுங்க."